பிரிபடாத பங்கு

வீடு மாறப் போகிறோம் என்ற செய்தி உறவினரிடையே பரவியதும், எங்களைத் தேடி வந்த கேள்விகள் மூன்று. “வாசல் எந்தத் திசை?” — இது முதற்கேள்வி. “நாள் குறித்தாகிவிட்டதா?” — இது இரண்டாவது. “அக்கம்பக்கமெல்லாம் நம்மவர்தானே?” — குரலைத் தாழ்த்தி, காதருகே குனிந்து கேட்கப்பட்டது மூன்றாவது. குடிநீர் எப்படி என்று கேட்டவர் சிலர். பெருமழையில் தெரு என்னவாகும் என்று கேட்டவர் ஒரே ஒருவர். அந்த வீட்டைக் கட்டிய கைகள் எவருடையவை என்று கேட்டவரோ, ஒருவருமிலர்!

மக்கள் எதைக் கண்டு அஞ்சுகின்றனர், எதை எண்ணிப் பார்க்க மறந்துவிட்டனர் என்பதைத் தெரிந்துகொள்ள ஏட்டைப் புரட்ட வேண்டியதில்லை. புதுவீட்டைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளைக் கேட்டாலே போதும்.

சென்னைக்குத் தெற்கே, மேடவாக்கத்தை ஒட்டி, ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. அதில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு எங்களுடையதாகியிருக்கிறது. ‘எங்களுடையது’ என்று எழுதும்போதே வங்கி சிரிக்கிறது — தவணை 15 ஆண்டு! நான் அச்சகத்தில் பிழை திருத்துவோன். துணைவியார் மருத்துவமனைச் செவிலியர். மகள் பதினோராம் வகுப்பு. அன்னைக்கு வயது 74. இத்தனை பேருடைய அன்றாடமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க, அதன் நடுவிலே மூட்டை கட்டுகிறோம். இரவுப் பணி முடித்து வந்தவர் உறங்கும் அறையில் பெட்டியை இழுக்க முடியாது. மகள் தேர்வுக்குப் படிக்கும் மேசையை மடக்க முடியாது. அன்னையின் மருந்துப் பெட்டியை எந்த மூட்டையிலும் கட்ட முடியாது. எரிவாயு இணைப்பு, குடும்ப அட்டை, வாக்காளர் பட்டியல், வங்கிக் கணக்கு என்று முகவரி மாற்ற வேண்டிய இடங்களின் பட்டியல் மட்டும் ஒரு முழுத் தாளை நிரப்பிவிட்டது. வீடு மாறுவது ஒரு நாள் வேலை என்பவர் வீடு மாறியதில்லை.

நாங்கள் குறித்துள்ள நாள் ஆடியில் வருகின்ற ஒரு ஞாயிறு.

“ஆடியிலா!” என்று அலறினர் சுற்றத்தார். ஆம், ஆடியில்தான். வாடகை வீட்டின் ஒப்பந்தம் அந்தத் திங்களோடு முடிகிறது. துணைவியாருக்கு அந்த ஞாயிறு பணியில்லை. மகளுக்குத் தேர்வு அதற்கு முந்திய வாரத்தோடு முடிந்துவிடும். இவை காரணங்கள். காரணங்களைப் பார்த்து நாள் குறிப்பதே நாள் பார்ப்பது என்று நாங்கள் கருதுகிறோம்.

பொருளேற்ற ஒப்புக்கொண்ட ‘குட்டியானை’ வண்டிக்காரரிடம் நாளைச் சொன்னபோது அவர் முகம் மலர்ந்தது. “ஆடியிலே எங்களுக்குக் கஞ்சி ஊத்துறது உங்களை மாதிரி நாலு பேர்தாங்க” என்றார். ஆவணி பிறந்துவிட்டால் ஒரே முகூர்த்த நாளில் நான்கு வீட்டாரும் நம் பொருளை முதலில் ஏற்று என்பர். ஆடியிலோ அவரும் அவரோடு சுமை தூக்கும் மூவரும் வண்டி நிழலில் படுத்துக் கிடப்பர். ஒரு திங்கள் முழுதும் நால்வர் குடும்பத்து அடுப்பு அணைந்து கிடப்பதற்குக் கோள்களா காரணம்? கோள்கள் தம் வழியே சுற்றிக்கொண்டிருக்கின்றன, குடிபுகுவோர் அஞ்சுகின்றனர், கூலியாள் பட்டினி கிடக்கிறார். மூடநம்பிக்கையால் எவருக்கும் இழப்பில்லையே, அது அவரவர் மனத்தைப் பொறுத்ததல்லவா என்று சமாதானம் பேசுவோர் அந்த வண்டிக்காரரின் கணக்கேட்டைப் பார்க்கட்டும்.

ஆடிதான் போகட்டும், இராகு காலத்தையாவது விலக்குங்கள் என்று இறங்கி வந்தனர். நாளொன்றுக்கு இராகு காலம் ஒன்றரை மணி. எமகண்டம் ஒன்றரை மணி. பன்னிரண்டு மணிப் பகலில் மூன்று மணி, அதாவது நான்கில் ஒரு பங்கு, எதற்கும் உதவாது என்று நாமே அடைத்துப் பூட்டிவிடுகிறோம்! துணைவியார் பிள்ளைப்பேற்று விடுதியில் பணியாற்றுபவர். “எமகண்டத்திலே பிறக்கிற பிள்ளையை, கொஞ்சம் பொறு என்று உள்ளே தள்ள முடியுமா?” என்று கேட்டார். கேட்டவர்கள் சிரித்தனர். சிரித்தபடியே, “ஞாயிற்றுக்கிழமை நாலரையிலிருந்து ஆறு இராகு காலம், அதற்குள் முடித்துவிடுங்கள்” என்றும் சொல்லிவிட்டுச் சென்றனர். அறிவு சிரிக்கிறது, அச்சம் நாள் குறிக்கிறது. இரண்டும் ஒரே மண்டைக்குள் ஒண்டுக் குடித்தனம் நடத்துகின்றன!

அடுத்தது திசை. நுழைவாயில், அடுப்பங்கரை, கழிப்பறை என ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையை ஒதுக்கி வைத்திருக்கிறது மனையடி சாத்திரம். தனி வீட்டிலாவது அதற்கு இடமுண்டு. அடுக்கு மாடியில் குழாய் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இறங்க வேண்டும். ஆகவே கழிப்பறைக்கு மேல் கழிப்பறை, அடுப்பங்கரைக்கு மேல் அடுப்பங்கரை. எங்கள் அடுக்கில் கீழிருந்து மேல்வரை ஐந்து வீடுகள். ஐந்துக்கும் ஒரே வாசல், ஒரே மூலை, ஒரே திசை. திசைதான் செல்வத்தைத் தருமென்றால் ஐவரும் ஒரே அளவில் செல்வராதல் வேண்டும். திசைதான் நோயைத் தருமென்றால் ஐந்து வீட்டிலும் ஒரே நாளில் காய்ச்சல் காணவேண்டும். அப்படி நடக்கக் கண்டவர் உண்டா?

திசையே பொருளற்றது என்று சொல்லவில்லை நாம். சென்னையில் மேற்குச் சுவர் பிற்பகல் வெயிலைக் குடித்து முன்னிரவு முழுவதும் உமிழும். கோடைப் பிற்பகலில் கடற்காற்று கிழக்கிலிருந்து எழும். எனவே படுக்கையறை மேற்கிலா, சாளரம் கிழக்கிலா என்று பார்த்தோம். திசையைப் பார்ப்பது தவறன்று. திசையைக் கண்டு நடுங்குவதே தவறு. வெயிலுக்கும் காற்றுக்கும் காரணம் கேட்கலாம், விடை வரும். வடகிழக்கில் கழிப்பறை இருந்தால் ஏன் குடும்பம் கெடும் என்று கேட்டால், “பெரியவர்கள் சொன்னார்கள்” என்பதற்கு மேல் விடை வராது.

பின், எதைத்தான் பார்த்தோம்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் நீர் எதுவரை ஏறியது, 2023 டிசம்பர் புயல் மழையில் எத்தனை நாள் நின்றது என்று எதிர்த்தெருக் கடைக்காரரிடமும் பால்காரரிடமும் கேட்டோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் அருகிலேயே இருக்கிறது. நீர் தங்குவதற்கென்றே இயற்கை வைத்திருந்த அந்தப் பள்ளம் சுருங்கச் சுருங்க, தங்க இடமற்ற நீர் மனிதன் வீட்டுக்குள் வந்து தங்குகிறது. 2019 கோடையில் சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து தொடர்வண்டியில் குடிநீர் வந்ததையும் நாம் மறக்கவில்லை. ஆகவே, 2003 முதல் இம்மாநிலத்தில் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர்ச் சேகரிப்பு இக்கட்டடத்தில் தாளில் இருக்கிறதா, தரையில் இருக்கிறதா என்று மொட்டை மாடிக் குழாயைத் தொடர்ந்து கீழ்வரை நடந்து பார்த்தோம். ஆழ்துளைக் கிணற்று நீரை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருத்தல் நலம் என்கிறது இந்தியத் தர அளவை; எங்கள் கிணற்றில் 900. குடிப்பதற்கு வேறு வழி தேட வேண்டும் என்று தெளிந்தோம். வடகிழக்கு மூலையில் கிணறு தோண்டியிருந்தால் உப்பு குறைந்திருக்கும் என்று ஆய்வுக்கூடத்தார் எழுதவில்லை!

மகள் ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு தரை ஓடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். ‘பொத்’தென்ற வெற்றொலி வந்த இடத்தில் கலவை சரியாக நிரம்பவில்லை என்று பொருள், ஒன்பது ஓடுகளைச் சுண்ணக்கட்டியால் குறித்தாள். பிறகு குளியலறைக்குச் சென்று, சமையலுக்கு வாங்கிய எலுமிச்சம்பழம் ஒன்றைத் தரையில் உருட்டி வாட்டம் சரியா என்று பார்த்தாள். பழம் நீர்ப்போக்கியை நோக்கி ஓடாமல் கதவை நோக்கி ஓடிற்று! மறுவாரம் கொத்தனார் வந்து வாட்டத்தைத் திருத்தினார். புதுவீட்டுக்கு எலுமிச்சம்பழம் தேவை என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். சக்கரத்தின் அடியில் நசுக்குவதற்கு அன்று, வாட்டம் பார்ப்பதற்கு.

கொத்தனார் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர்ப்புறத்தில் வீடு கட்டி முடித்தால், கொத்தனாருக்கும் தச்சருக்கும் வேட்டியும் துண்டும் தந்து, பந்தியில் அமர்த்திச் சோறிடுவர். அடுக்கு மாடியில் சாவி நம் கைக்கு வரும்போது கட்டியவர்கள் அங்கே இல்லை. வேறோர் அடித்தளக் குழிக்குள் இறங்கிவிட்டிருப்பர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. பலருடைய மொழியும் தெரியாது. 2014 ஜூன் 28 அன்று மௌலிவாக்கத்தில் கட்டுமானத்திலிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனரே — குடிபுகும் கனவோடு பணம் கட்டியவர்கள் அல்லர் அவர்களில் பெரும்பாலோர். அந்தக் கனவுக்குக் கல் சுமந்தவர்கள். கட்டடம் நாளால் நிற்பதில்லை, நட்சத்திரத்தால் நிற்பதில்லை. கம்பியால், கலவையால், கணக்கால், அவற்றைப் பொய்யின்றிச் செய்கிற மனிதனால் நிற்கிறது.

இனி மூட்டைகளுக்கு வருவோம். எதை எடுத்துச் செல்வது என்ற வழக்கு எங்கள் வீட்டில் ஒரு வாரம் நடந்தது. அடுப்பங்கரைப் பொருள்களைக் கட்டும் பொறுப்பு என்னுடையது. நூல்களைக் கட்டும் பொறுப்பு துணைவியாருடையது. அவரவர் எதை மிகையாகச் சேர்த்திருக்கிறோம் என்பதை மற்றவர் கண்டுபிடிக்கட்டும் என்பதற்காகவே இந்த ஏற்பாடு! இருபது ஆண்டுப் பழைய ஏடுகளில் பாதி எடைக்குப் போயிற்று. எவர்சில்வர் தூக்குகள் பழைய புடவைக்குள் புகுந்துகொண்டன.

மூலையில் கிடந்தது ஆட்டுக்கல். “அது வீட்டு இலட்சுமி, விட்டுவிட்டுப் போகாதீர்கள்” என்றார் பெரியம்மா. நாங்கள் அன்னையைப் பார்த்தோம். “பதினாறு வயசிலேருந்து என் தோளைத் தின்ன கல்லுடா அது. மாவாட்டும் எந்திரம் வந்த அன்னைக்குத்தான் நான் மூச்சு விட்டேன். இங்கேயே கெடக்கட்டும்” என்றார். பழம்பெருமை பேசுவோர் கல்லின் அழகைப் பாடுவர். அதைச் சுற்றிய கைக்குத்தான் அதன் எடை தெரியும்.

இந்த வீட்டை விட்டுச் செல்லும்போது விட்டுச் செல்ல விரும்புவது இன்னொன்றும் உண்டு. திருமணமான நாள்தொட்டு நாங்கள் குடியிருந்த வாடகை வீடுகள் ஐந்து. பார்த்துவிட்டுத் திரும்பிய வீடுகளுக்குக் கணக்கில்லை. “எத்தனை பேர்?” என்று கேட்பர், சொல்வோம். “என்ன வேலை?” என்பர், சொல்வோம். “சைவந்தானே?” என்பர். அடுத்து, “சொந்த ஊரில் எந்தத் தெரு?” என்பர். தெருப் பெயரைக் கேட்டால் சாதியின் கதவு எண் கிடைத்துவிடும் என்பது அவர்கள் கணக்கு! “தெருவைச் சொல்ல மாட்டோம், வாடகையை ஐந்தாம் நாளில் தருவோம்” என்று சொல்லி, வீடு மறுக்கப்பட்டுத் திரும்பிய மாலைகள் பல.

அதனாலேயே பத்திரம் பதிவான அன்று, ஒரு தொடர் என் கண்ணில் பட்டதும் என்னை நிறுத்திவிட்டது. பிழை திருத்துவோன் கண்ணல்லவா! ‘பிரிபடாத பாகம்’ என்பது அந்தத் தொடர். அடுக்கு மாடியில் வீடு வாங்குவோர்க்குச் சுவருக்குள் இருக்கும் இடம் தனியுரிமை. கீழேயுள்ள நிலத்திலோ, மொத்தத்தில் ஒரு பங்கு மட்டுமே உரிமை. எங்கள் பங்கு 410 சதுர அடி. அந்த 410 அடி எங்கே இருக்கிறது? கிழக்கு மதிலருகிலா? வேப்ப மரத்தடியிலா? எவராலும் சுட்டிக்காட்ட முடியாது. நாற்பது வீட்டாருடைய பங்கும் ஒன்றோடொன்று கலந்து, கோடு கிழிக்க இயலாதபடி கிடக்கிறது. படிக்கட்டும் அப்படியே, நீர்த்தொட்டியும் அப்படியே, மொட்டை மாடியும் மின்தூக்கியும் அப்படியே. பொதுவிடங்களில் உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் பிரிபடாத பங்கு உண்டு. 2022-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் சொல்வதும் அதுவே.

பழைய ஊரை எண்ணிப் பாருங்கள். இன்னாருக்கு இந்தத் தெரு, இன்னாருக்கு அந்தக் கிணறு. இன்னார் திண்ணை வரை, இன்னார் நடைவரை, இன்னார் கொல்லைப்புறம் மட்டும். எடுப்புக் கழிவறையைத் துப்புரவு செய்ய வந்தவருக்கென்று வீட்டின் பின்னே சந்து விட்டுக் கட்டிய நகரங்கள் உண்டு. அத்தகைய கழிவறையைக் கட்டுவதையே குற்றமாக்கிச் சட்டம் வந்தது 1993-இல். 2013-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. கல்லிலும் சுண்ணாம்பிலும் சாதியைக் கட்டி வைத்தனர் அன்று. அடுக்கு மாடியோ ஒரே கதவு, ஒரே படி, ஒரே குழாய். கொல்லையில்லை, திண்ணையில்லை, பின்சந்து இல்லை. கட்டடக் கலைஞன் சமத்துவம் பேச எண்ணினானோ இல்லையோ, அவன் வரைந்த கோடு பேசிவிட்டது!

அந்தக் கட்டடத்துக்குள்ளும் பழைய கோட்டைக் கொண்டுவந்து கிழிக்க முடியுமா? முடியும் என்று காட்டினர் எங்கள் வருங்கால அண்டை வீட்டார்.

குடிபுகுமுன் உரிமையாளர் கூட்டம் ஒன்று நடந்தது. விதிமுறைத் தாள் வழங்கப்பட்டது. நாய் வளர்ப்பது பற்றி, வண்டி நிறுத்துவது பற்றி எல்லாம் பொறுப்பாகவே எழுதியிருந்தனர். பதினான்காவது விதியில் கண் நின்றது: “வீட்டு வேலையாட்களும் பொருள் கொண்டுவருவோரும் இரண்டாவது லிப்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.” இரண்டாவது மின்தூக்கி, கட்டில் பீரோ ஏற்றுவதற்கும் குப்பை இறக்குவதற்கும் என்று வைக்கப்பட்டது.

எழுந்தேன். “துடைப்பம் பிடித்த பெண்மணி பீரோவா, குப்பையா? இரண்டில் எது என்று கருதி இந்த விதியை எழுதினீர்கள்?” என்று கேட்டேன்.

“பாதுகாப்புக்காக” என்றார் தலைமை வகித்தவர்.

“நம் வீட்டுச் சாவியை அவர் கையில் கொடுக்கிறோம், குழந்தையைக் கொடுக்கிறோம், நோயுற்ற பெற்றோரைக் கொடுக்கிறோம். அங்கெல்லாம் வராத பாதுகாப்புக் கவலை, மூன்று மாடி ஏறும் அரை நிமிடத்தில் மட்டும் எப்படி வருகிறது?” என்று கேட்டார் துணைவியார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “துப்புரவு பற்றியும் பார்க்க வேண்டுமல்லவா?” என்றார். வந்துவிட்டது, பாதுகாப்பின் முகத்திரைக்குப் பின்னாலிருந்த பழைய முகம்! துப்புரவு செய்பவர் அசுத்தர். அசுத்தம் செய்பவர் தூயவர் — எத்தனை நூற்றாண்டுப் பழைய பாடம்! ஏட்டிலிருந்து எடுத்தாயிற்று, எந்திரத்துக்குள் ஏற்றிவிட்டார்கள்.

வாக்கெடுப்பு நடந்தது. விதியை நீக்க வேண்டும் என்று கை உயர்த்தியவர் எண்மர். உயர்த்தாதவர் இருபத்து மூவர். தோற்றோம். ஆயினும் அதே கூட்டத்தில், கழிவுநீர்த் தொட்டிக்குள் எந்தச் சூழ்நிலையிலும் மனிதரை இறக்கக்கூடாது, எந்திரம் கொண்டே துப்புரவு செய்ய வேண்டும் என்ற எங்கள் தீர்மானம் எதிர்ப்பின்றி நிறைவேறிற்று. ஓர் உயிரைக் காக்க ஒப்புகிறார்கள். அந்த உயிரின் அருகே நிற்கத்தான் ஒப்பவில்லை. அரைவழி வந்தவர்களை மீதி வழியும் அழைத்துவரலாம். ஆண்டுப் பொதுக்கூட்டம் மீண்டும் வரும். பதினான்காவது விதியும் மீண்டும் விவாதத்துக்கு வரும். அதுவரை, எங்கள் வீட்டுக்கு வருபவர் எவராயினும் எங்களோடு எங்கள் மின்தூக்கியிலேயே ஏறுவார் என்று அந்தக் கூட்டத்திலேயே அறிவித்துவிட்டோம். மற்ற ஏழு வீட்டாரும் அவ்வாறே அறிவித்தனர்.

எங்களுக்கு வீட்டு வேலையில் துணைபுரியும் அம்மையாரிடம் இதைச் சொல்ல நேர்ந்தது. அவரும் அடுக்கு மாடியில் குடியிருப்பவர்தாம். குடிசைவாழ் மக்களுக்கு அடுக்கு மாடி வீடு என்ற திட்டத்துக்கென்றே 1970-இல் இம்மாநிலத்தில் ஒரு வாரியம் அமைந்தது. 2021-இல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று புதுப்பெயர் வந்தது. அந்த அம்மையார் சிரித்துக்கொண்டே, “எங்க அடுக்குலே ஒரே லிப்டுதாங்க அக்கா. மீன் கூடையும் அதுலேதான் ஏறும், மாப்பிள்ளையும் அதுலேதான் ஏறுவாரு” என்றார் துணைவியாரிடம். படித்தவர் முப்பத்தொருவர் கூடிப் பேசியும் எட்டாத முடிவு, அவர் வாழும் கட்டடத்தில் அன்றாட நடப்பு!

கடைசியாக ஒரு வழக்கு. அது எங்கள் வீட்டுக்குள்ளேயே எழுந்தது.

“சுமங்கலியான நான் குத்துவிளக்கோடு முதலில் நுழைகிறேன், பால் காய்ச்சியான பிறகு நீ வா” என்று அன்னையிடம் சொன்னார் பெரியம்மா. கெட்ட எண்ணத்தால் அன்று. தங்கையின் குடும்பம் நன்றாயிருக்க வேண்டுமே என்ற அச்சத்தால். அன்னையும், “அது முறைதானே, நான் பின்னாலே வர்றேன்” என்று தலையசைத்தார்.

என் தந்தை மறைந்தபோது எனக்கு வயது 12. 38 ஆண்டுகளாக எந்த மங்கல வேளையிலும் அன்னை தூணோரமாக நின்றே நாங்கள் கண்டிருக்கிறோம். 1982-இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்தில் சமையல் வேலை கிடைத்து, ஊர்ப் பள்ளியில் நாள்தோறும் 120 குழந்தைகளுக்குச் சோறாக்கினார் அவர். அந்தச் சோற்றை உண்ட எந்தக் குழந்தையும் கெட்டுப்போகவில்லை. 120 பேருக்கு உலை வைத்த கை, ஒரு குவளைப் பால் காய்ச்சினால் குடும்பம் குலைந்துவிடுமா? எந்தக் கையின் உழைப்பால் நான் படித்தேனோ, அந்தக் கை என் வீட்டுக் கதவைத் தொடுவதற்கு நேரம் பார்க்க வேண்டுமா?

நான் வாய் திறக்குமுன் மகள் முந்திக்கொண்டாள். “பெரிய பாட்டி, சாவி ஒண்ணுதான் இருக்கு, அதைப் பாட்டிகிட்டே கொடுத்தாச்சு” என்றாள். பார்த்தோம், அன்னையின் முந்தானை நுனியில் முடிச்சு இருந்தது.

“அப்போ நான் பூட்டைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்னுக்கறேன்” என்றார் அன்னை. 38 ஆண்டுப் பழக்கம் ஒரே நாளில் போய்விடுமா?

“நீங்கள் ஒதுங்கினால் நாங்கள் ஒருவரும் உள்ளே வர மாட்டோம், அத்தை. வண்டியைத் திருப்பிவிடுவோம்” என்றார் துணைவியார்.

பெரியம்மா ஒன்றும் பேசவில்லை. அன்னையும் பேசவில்லை. சற்று நேரம் கழித்து, முந்தானை முடிச்சு இறுகியிருக்கிறதா என்று அன்னை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டார். அது போதும் எங்களுக்கு.

தோழர்களே! நீங்களும் ஒருநாள் ஒரு கதவின் முன் சாவியோடு நிற்பீர்கள். வாடகை வீட்டின் சாவியாகவும் இருக்கலாம், சொந்த வீட்டின் சாவியாகவும் இருக்கலாம். தண்ணீரைச் சோதியுங்கள்; தரையைத் தட்டிப் பாருங்கள்; பத்திரத்தை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். மூட்டை கட்டும்போது, எடுத்துச் செல்வன எவை என்ற பட்டியலுக்கு முன்னால், விட்டுச் செல்வன எவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். சுண்ணாம்பு புதிது, சுவர் புதிது, கதவு புதிது. பழைய அச்சமும் பழைய அருவருப்பும் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் சாமானோடு வந்து இறங்கிவிடும். அவற்றுக்கு வண்டியில் இடம் தராதீர்கள். காலடியில் கிடக்கும் மண்ணையே கோடு கிழித்துப் பிரிக்க முடியாது என்று பத்திரம் சொல்கிறது. அதன்மேல் நிற்கும் மனிதரைப் பிரிக்க எவருக்கு உண்டு உரிமை?